செத்த குழாய்கள்

மரபைப் பற்றி எழுத உட்காரும் நம் விமர்சகர்கள் கடைசியில் ஒரு மரத்தடியில் போய் நின்றுவிடுகிறார்கள். வேரிலிருந்து சாறு பொங்கி மேலே வருகிறதாம். அதனால்தான் இன்றைய கவிதை துளிர்க்கிறதாம். எலியட் 1919-ல் மரபு பற்றிய தன் கட்டுரையை எழுதியபோது, கவிஞனின் மனத்துக்கு உவமை தேடி ரசாயனக் கூடத்துக்குப் போய் ஒரு பிளாட்டினத் துண்டை எடுத்துக்கொண்டார். (அவரும் அப்போது பாங்க் உத்தியோகஸ்தர்தான். எனக்கு அதில் ஒரு அற்ப திருப்தி.) மரத்தைத்தான் சொல்லியாக வேண்டுமென்றால் அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டாவது சொல்லலாம். தம்பியின் பழைய பி.எஸ்ஸி. தாவரவியல் புத்தகத்தை ஒரு மாதம் மதிய இடைவேளைகளில் கவுன்டருக்குப் பின்னால் வைத்துப் படித்தேன்.

நீரை மேலே கொண்டுபோகும் சைலக் குழாய்கள் உயிரற்றவை. அந்தச் செல்கள் பிறக்கும்போது உயிரோடுதான் இருக்கின்றன. சுவரை லிக்னினால் தடிப்பாக்கிக்கொண்டு, பிறகு தம் உள்ளீடு முழுவதையும் தாமே கரைத்துக்கொண்டு சாகின்றன. செத்த பிறகே குழாயாகின்றன. ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் 1891-ல் வெளியிட்ட சோதனை குரூரமானது. 20 மீட்டருக்கு மேல் உயரமான ஓக் மரத்தை அடியில் அறுத்து பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தினார். வழியிலிருந்த உயிருள்ள செல்களைக் கொன்றுகொண்டே அமிலம் உச்சிவரை ஏறியது. இலைகள் செத்த பிறகுதான் ஏற்றம் நின்றது.

அப்படியானால் ஏற்றுவது எது? டப்ளினில் டிக்ஸனும் ஜோலியும் 1890களின் நடுவில் சொன்ன பதில்: இலை. இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது; போன இடத்துக்கு அடுத்த நீர் வருகிறது; நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருப்பதால் அந்த இழுப்பு வேர்வரை, வேரைச் சுற்றிய மண்வரை இறங்குகிறது. வேருக்கும் கொஞ்சம் தள்ளும் சக்தி உண்டு. விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் துளிகளில் பல அதன் வேலைதான், பனி அல்ல. ஆனால் 2006-ல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்த, 115 மீட்டரைத் தாண்டிய ரெட்வுட் மரத்தின் உச்சிக்கு அது எந்த மூலைக்கு? காற்றழுத்தத்தை நம்பும் பம்பு 10 மீட்டரோடு நின்றுவிடும். மரம் வெயிலின் செலவில் ஏற்றுகிறது. வாங்கிய நீரில் 90 சதவீதத்துக்கு மேல் காற்றில் விட்டுவிடுகிறது. எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ளாத கணக்கு.

ஜகதீச சந்திர போஸுக்கு இது சம்மதமில்லை. தண்டின் உட்புறச் செல்கள் துடித்துத் துடித்து நீரைத் தள்ளுகின்றன என்று 1923-ல் ஒரு புத்தகமே எழுதினார். அழகான சித்திரம், தாவரவியல் அதை ஏற்கவில்லை. நம் விமர்சகர்களின் மரம் போஸின் மரம்தான். கீழிருந்து தள்ளுகிறது, துளிர் சும்மா வாங்கிக்கொள்கிறது. பழைய நூல் செத்தது என்பதில் எனக்கு அவமானம் தெரியவில்லை. குழாயாவதற்கு அது செத்துத்தான் ஆக வேண்டும். அதில் நீர் ஏறுவது இன்று எழுதுகிறவனின் தாகத்தைப் பொறுத்தது. யாப்பை உதறியவர்கள்தான் சங்கப் பாட்டிடம் அவசரமாகப் போனார்கள். யாப்பைக் காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குப் பதவுரை போதுமாக இருந்தது. கடும் வறட்சியில் இழுப்பு மிஞ்சிப்போனால் நீரிழை அறுந்து குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அந்தக் குழாய் பல சமயம் மறுபடி உதவாது. நீர் பக்கத்துக் குழாய்களின் வழியே சுற்றிப் போகும். இதையும் நம் கவிதையில் பார்க்கிறோம்.

மரம் இதோடு முடியவில்லை. சர்க்கரை வேறு வழியில், புளோயத்தில் போகிறது. அங்கே சல்லடைக்குழாய்க்கு உயிர் உண்டு, நியூக்ளியஸ் இல்லை; ஒட்டிக்கொண்டிருக்கும் துணைச்செல் அதைப் பிழைக்க வைக்கிறது. பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கும் பதநீர் இந்தச் சாறுதான். வேர் தந்ததல்ல, இலை சமைத்தது. பனைக்கு வருஷாவருஷம் புதுக் கட்டை போட்டுத் தடிக்கும் ஏற்பாடு கிடையாது. ஒருமுறை உண்டான குழாய்களே கடைசிவரை. வடலியாக இருந்தபோது அடித்தண்டில் உண்டான சல்லடைக்குழாய்கள், நியூக்ளியஸ் இல்லாமலே, பல பத்து ஆண்டுகள் கழித்தும் இலையின் சர்க்கரையை வேருக்கு இறக்கிக்கொண்டிருக்கின்றன.