வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், தம்பிகளே

டிஜே வேலைக்கு இறங்கும் ஜாசின், அலோர் காஜா தம்பிகள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் அண்ணே?" என்பதுதான். ஸ்பீக்கர் பெட்டியில் அச்சடித்த அந்த எண்ணை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். யமஹா டிபிஆர்12-க்கு 1000 வாட்ஸ், கியூஎஸ்சி கே12.2-க்கு 2000. ஆனால் நிறுவனங்களே சொல்லும் உச்ச ஒலியளவு 131, 132 டெசிபல். இரட்டிப்பு வாட்ஸுக்கு ஒரே ஒரு டெசிபல்! கே12.2 நல்ல பெட்டிதான். அதன் தெளிவுக்காக வாங்குங்கள், எண்ணுக்காக வேண்டாம்.

நம் வேலை பாதி டேவானில், பாதி தோட்டத்துக் கோயில் திடலில். திடலில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் போய்விடும். அதனால் பெட்டியை ஸ்டாண்டில் தலைக்கு மேலே ஏற்றுங்கள். கூட்டம் நீண்டால் பின்னால் இன்னொரு ஜோடி வையுங்கள். முன்வரிசைப் பாட்டிகளின் காதைப் பிளப்பது நியாயமே இல்லை. உருமி மேளப் பாட்டின் அடி வெட்டவெளியில் முழுசாய் விழ 12 அங்குலம் போதாது; தனி சப்வூஃபர் வேண்டும்.

டிபிஆர்12 எடை 15.8 கிலோ. ஒருவரே ஸ்டாண்டில் ஏற்றலாம், மைவி காரின் பின் சீட்டை மடக்கினால் ஜோடியாக அடங்கும். பெண்ணழைப்பு ஊர்வலத்துக்கு பேட்டரி ஸ்பீக்கர் போதும். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கு முழுச் சத்தத்தில் நிற்காது.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாப்பாட்டுக் கடையின் ரைஸ் குக்கரோடு ஒரே மெல்லிய எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் மின்னழுத்தம் இறங்கும், தாலி கட்டும் நேரத்தில் பெட்டி அணைந்துவிடலாம். தடித்த வயரும் தனி பிளக்கும் கேட்டு வாங்குங்கள்.