இருளிலே பிறந்த மெட்டு

சோகப் பாட்டு விளம்பகாலத்திலேதான் செல்லவேண்டும் என்ற நம்பிக்கை இசை இரசிகரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. துயரம் மனிதனைத் தளரச் செய்கிறது. ஆகவே துயரத்தைப் பாடும் பாட்டும் தளர்ந்து நடக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. 1979ஆம் ஆண்டு யூன் மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிலிருந்து வெளிவந்த 'அன்னோன் பிளெஷர்ஸ்' என்னும் இசைத்தட்டைக் கேட்பவனுக்கு இந்நம்பிக்கை நிலைப்பதில்லை. ஜோய் டிவிஷன் என்னும் நால்வர் குழுவின் முதலாவது நெடுந்தட்டு அது. 10 பாடல்கள், ஏறத்தாழ 40 நிமிடங்கள். பின்னாளில் 'ஓல்டர்னேற்றிவ் றொக்' எனப் பெயர்பெற்ற இசைவகையின் முன்னோடிகளுள் ஒன்றாக அது இன்று எண்ணப்படுகின்றது.

முதன்முறை கேட்பவன் ஒரு முரண்பாட்டை உணர்கிறான். பாடுபவரின் குரல் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் தாழ்ந்து ஒலிக்கிறது. சொற்களிலே தனிமையும் அச்சமும் கைவிடப்பட்ட நிலையுமே நிறைந்துள்ளன. ஆனால் கேட்பவனின் கால் அவனது அனுமதியின்றியே தாளம் போடத் தொடங்கிவிடுகிறது. பாட்டு முடிந்த பின்னரும் மெட்டு மனத்தைவிட்டு அகலுவதில்லை. அந்த மெட்டைச் சுமந்து வருவது குரலுமன்று, கிற்றாருமன்று, பேஸ் கிற்றாரே. பொதுவாக அடித்தளமாகப் பின்னணியில் நிற்கும் அக்கருவி இங்கே முன்வந்து பாடுகின்றது. இதன் காரணம் மிக எளியது. பீற்றர் ஹூக்கிடம் இருந்த ஒலிபெருக்கி தரங்குறைந்தது. பக்கத்தில் நின்ற பேர்ணாட் சம்னரின் கிற்றார் ஓசையிடையே தம் வாசிப்புத் தமக்கே கேட்கவேண்டுமென்று அவர் மேற்சுருதிகளில் வாசிக்கத் தொடங்கினார். கையிலே காசில்லாத குறை ஒரு பாணியாயிற்று. கலைவரலாற்றில் இத்தகைய நன்மைகள் பல உண்டு. விமர்சகர்கள்தாம் அவற்றுக்குப் பெரிய தத்துவங்களைத் தேடி அலைவர்.

ஒலிப்பதிவு அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் ஸ்ரொக்போட் நகரின் ஸ்ரோபெரி கூடத்தில் நடைபெற்றது. தயாரிப்பாளர் மாட்டின் ஹனெற். மேடையிலே குழுவினர் எழுப்பியது முரட்டுத்தனமான பேரோசை. ஹனெற் அதைப் பிரித்து, ஒவ்வோர் ஒலிக்கும் இடையே வெற்றிடம் அமைத்து, ஆளில்லாத மண்டபமொன்றில் நிகழ்வதுபோன்ற இசையாக மாற்றினார். ஸ்ரீவன் மொறிஸின் ட்ரம்ஸ் ஒலிகளை ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே பதிந்தார். கட்டடத்தின் மின்தூக்கி இயங்கும் ஓசையும் போத்தல் உடையும் ஓசையும் தட்டிலே இடம்பெற்றன. ஒரு பாடலில் குரலைத் தொலைபேசி இணைப்பினூடாகப் பதிந்து அதற்குத் தூரத்தை உண்டாக்கினார். தங்கள் உரத்த இசை குளிரூட்டப்பட்டுவிட்டதே என ஹூக்கும் சம்னரும் ஏமாற்றமடைந்தனர். அவர்களின் வருத்தம் நியாயமானதே. ஆயினும் அந்தக் குளிர்ச்சி இல்லாதிருந்தால் இத்தட்டும் அக்காலத்துப் பங்க் தட்டுகளுள் ஒன்றாய் மறக்கப்பட்டிருக்கும் என்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாம் பக்கத்தின் முதற்பாடல் 'ஷீஸ் லொஸ்ற் கொன்ட்றோல்'. தட்டின் சிக்கல் முழுவதும் இதிலே திரண்டு நிற்கிறது. பாடகர் இயன் கேட்டிஸ் மக்கிள்ஸ்பீல்ட் நகரிலே வேலைவாய்ப்பு அலுவலகமொன்றில் உத்தியோகத்தராக இருந்தவர். வலதுகுறைந்தோருக்கு வேலை தேடிக்கொடுப்பது அவரது பணி. வலிப்பு நோயுள்ள ஓர் இளம்பெண் வேலை தேடி அங்கு வந்துபோனாள். பின்னர் வரவில்லை. வேறெங்கோ வேலை கிடைத்துவிட்டது போலும் என அவர் எண்ணியிருந்தார். அவள் வலிப்பினால் இறந்துபோன செய்தி பிறகே அவரை எட்டியது. அவளைப் பற்றியதே பாட்டு. 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேட்டிஸுக்கும் அதே நோய் உண்டென மருத்துவர்கள் உறுதிசெய்தனர். ஆகவே, ஏப்பிரலில் அவர் அப்பாட்டை ஒலிவாங்கியின் முன் நின்று பாடியபோது பிறர் துயரம் என்றும் தன் துயரம் என்றும் பிரித்தறிய இயலாத நிலை உருவாகியிருந்தது. மேடையிலே அவர் ஆடிய ஆட்டமும் வலிப்பை ஒத்திருந்தது. எது ஆட்டம், எது நோய் என்று அறியாமலே சபையோர் ஆரவாரித்த இரவுகள் உண்டு.

இந்தப் பாடலின் பேஸ் மெட்டோ தட்டிலுள்ள மெட்டுகளுள் மிக எளிதாக நாவிற் படிவது! ஒருமுறை கேட்டவன் நாள் முழுதும் அதை முணுமுணுப்பான். கதையை அறிந்தபின் அம்முணுமுணுப்பு அவனை உறுத்துகிறது. அழுகையும் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாகத் தொல்காப்பியத்திலே இடம்பெறுகின்றது. ஆதலால் துயரிலிருந்து சுவை பிறப்பது தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. ஆனால் காப்பியத் தலைவியின் துயரம் வேறு; வேலை கேட்டு வந்து நின்ற ஒருத்தியின் மரணம் வேறு.

1980 மே 18ஆந் திகதி, அமெரிக்கப் பயணத்துக்குப் புறப்படவிருந்த வேளையில், கேட்டிஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 23. அவர் எழுதிய சொற்களைக் கலையாகவே கருதினோம், அவை அவரைப் பற்றியன என்று எண்ணவில்லை என நண்பர்கள் பிற்பாடு கூறினர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. ஒவ்வொரு நாளும் கூட இருந்து சிரித்துப் பேசி, வாகனத்திலே கருவிகளை ஏற்றி இறக்கியவனுடைய பாட்டை யார் மருத்துவ அறிக்கையாக வாசிப்பார்? இதற்கு மாறாக, மரணத்தின் பின் வந்தோர் தட்டு முழுவதையும் ஒரு மரணசாசனமாக வாசிக்கின்றனர். இதுவும் பிழையே. தாளத்தைக் கட்டியவர், மெட்டைக் கண்டவர், ஒலியை அமைத்தவர் ஆகிய எல்லோரும் உழைத்து ஆக்கிய பொருளை ஒருவரின் முடிவுக்குள் அடக்கிவிடுவது அந்த ஒருவருக்கும் பெருமை சேர்ப்பதாகாது.

தட்டின் கறுப்பு உறையின் முன்புறத்திலே குழுவின் பெயர் இல்லை. 1967ஆம் ஆண்டில் ஜொஸெலின் பெல் கண்டறிந்த துடிப்பு விண்மீனின் வானொலி அலைகளே வெண்கோடுகளாய் அடுக்கப்பட்டுள்ளன. மூலப்படத்திலிருந்த கறுப்பையும் வெள்ளையையும் பீற்றர் சவில் இடம்மாற்றி அமைத்தார். இன்று அப்படம் சட்டைகளிலே உலகெங்கும் உலாவுகிறது. அணிவோருட் பலர் பாட்டைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

கேட்டவனோ வீதியிலே நடக்கும்போது தன்னையறியாமல் அந்த மெட்டை முணுமுணுக்கிறான். வேலை கேட்டு வந்த பெண்ணின் நினைவு குறுக்கிடவே பாதியில் நிறுத்திவிடுகிறான். சந்தி கடந்து சிறிது தூரம் சென்றதும் அது மறுபடியும் வாய்க்கு வந்துவிடுகின்றது.