போன் பில்லுக்கும் ஒரு ஹெச்பிஏ1சி

1) மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி எழுதலை. போன் பில் பத்தி. சின்னதா கடை, கிளினிக், டியூஷன் சென்டர்னு நடத்துறவங்க கடைசி வரை படிங்க. நான் காசு விட்ட கதையும் இருக்கு. காசை மிச்சம் பிடிக்கப் போய் பண்ணின தப்பும் இருக்கு.

2) பகல்ல அரசு மருத்துவமனை. சாயங்காலம் ஒரு சின்ன கிளினிக். எனக்கு முன்னாடி அதே இடத்துல பல வருஷம் பார்த்த பெரிய டாக்டர் ஓய்வெடுத்தப்ப, மேஜை நாற்காலியோட அவரோட லேண்ட்லைனும் என் பேருக்கு மாறுச்சு. அப்புறம் ஒரு பிராட்பேண்ட், ஸ்டாஃபுக்கு மூணு போஸ்ட்பெய்டு சிம். எல்லாம் ஆட்டோ டெபிட். பில் வரும், காசு போகும், நான் திறந்துகூட பார்த்ததில்லை.

3) போன வருஷம் வருமான வரிக்காகக் கணக்கு எடுத்தப்ப மனைவி கேட்டாங்க: "ஏங்க, இந்த ரெண்டு நம்பர் யாரோடது?" வேலையை விட்டுப் போன ரெண்டு பேரோடது. சிம் டிராயர்ல தூங்குது. ஒண்ணுக்கு 399 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்தா 471. ரெண்டுக்கும் 22 மாசத்துல 20,700 ரூபாய்க்கு மேல போயிருக்கு. யாருமே பேசாத போனுக்கு!

4) அடுத்து பிராட்பேண்ட். மூணு வருஷ ஒப்பந்தம். மாசம் 799னு சொன்னதும் கையெழுத்துப் போட்டேன். அது முதல் ஆறு மாசத்துக்கு மட்டும்தான். அப்புறம் 1,499. அன்னைக்கே இன்னொருத்தர் மூணு வருஷமும் ஒரே விலை, 1,099னு சொன்னார். அதிகம்னு அனுப்பிட்டேன். இப்ப கூட்டிப் பார்த்தேன். வரியோட 36 மாசத்துக்கு என்னோடது சுமார் 58,700. அவரோடது சுமார் 46,700. "மலிவா" வாங்கி 12,000 ரூபாய் கூடுதலா கட்டியிருக்கேன்.

5) டெஸ்டுக்கு முதல் நாள் மட்டும் பத்தியமா இருந்துட்டு வர்ற பேஷன்ட்டை எல்லா டாக்டருக்கும் தெரியும். வெறும் வயித்து சுகர் அழகா இருக்கும். ஹெச்பிஏ1சி எடுத்தா மூணு மாசத்துக் கதை வெளிய வந்துரும். அறிமுக விலைங்கிறது வெறும் வயித்து சுகர். ஒப்பந்தக் காலம் முழுக்கக் கூட்டினா வர்ற தொகைதான் ஹெச்பிஏ1சி. பேஷன்ட்டைத் திட்டுற நானே இதுல ஏமாந்தேன்.

6) வரியையும் கணக்குல சேருங்க. ஜிஎஸ்டி பதிவு இருக்கிற கடைக்காரர் தொழிலுக்கான போன் பில்லுல கட்டின வரியை உள்ளீட்டு வரி வரவா எடுத்துக்கலாம். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறதால, எங்களுக்கு அந்த வரவு கிடையாது. அந்த 18 சதவீதமும் கைக்காசுதான்.

7) வந்த கோபத்துல கத்தியை எடுத்தேன். ரெண்டு சிம் கட். சரி. லேண்ட்லைனும் கட். "இந்தக் காலத்துல யாருங்க லேண்ட்லைன்ல கூப்பிடுறா?" மாசம் முந்நூறு சொச்சம் மிச்சம்னு பெருமை வேற.

8) ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நைட் டியூட்டி. ஆட்டோவுல ஒரு தாத்தாவைத் தூக்கிட்டு வந்தாங்க. நினைவில்லை, உடம்பெல்லாம் வியர்வை. சுகர் 38. மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்திருக்கார். டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தினதும் கண்ணு திறந்துட்டார். நம்ம கிளினிக் பேஷன்ட்தான்.

9) பாட்டி சொன்னாங்க: "கை நடுங்குதுன்னப்பவே உன் கிளினிக்குக்கு அடிச்சேன் தம்பி. அந்த நம்பரே இல்லைன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு." அவங்க வீட்டுச் சுவர்ல காலண்டர் பக்கத்துல எழுதியிருக்கிறது பெரிய டாக்டர் காலத்து நம்பர். அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர். அன்னைக்கு நான் கிளினிக்ல இல்லைன்னாலும் நர்ஸ் இருந்தாங்க. போன் அடிச்சிருந்தா, "உடனே சர்க்கரை கரைச்சுக் குடுங்கம்மா"ன்னு சொல்லியிருப்பாங்க. பாட்டி ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப அடிச்சிருக்காங்க.

10) அதுல இருந்து நான் பண்றது:

ஒரே தாளுல எல்லா லைனும்: நம்பர், யார் பேர்ல, எதுக்கு, மாசம் எவ்வளவு, ஒப்பந்தம் என்னைக்கு முடியுது. முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடி போன்ல அலாரம்.

சலுகை முடிஞ்சா என்ன விலை, பாதியில விட்டா எவ்வளவு கட்டணும், ரூட்டரைத் திருப்பித் தரணுமா? மூணுக்கும் பதில் எழுத்துல.

பேச மட்டும் உள்ள போனுக்கு டேட்டா எதுக்கு? டேட்டா இல்லாம பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் ரீசார்ஜ் தரணும்னு டிராய் 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டிருக்கு. கேட்டு வாங்குங்க.

வேலையை விட்டுப் போறவங்ககிட்ட சாவியோட சேர்த்து சிம்மையும் வாங்கி, அன்னைக்கே முடிவு பண்ணுங்க.

11) முக்கியமானது. எதையும் துண்டிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு மாசம் அதுல யார் கூப்பிடுறாங்கன்னு பாருங்க. செல் நம்பரை 2011ல இருந்து நாடு முழுக்க எந்த கம்பெனிக்கும் கூடவே கொண்டு போகலாம். லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. ஊருக்குத் தெரிஞ்ச நம்பரை விட்டா விட்டதுதான்.

12) இப்ப கிளினிக் நம்பர் ஒரு செல் நம்பர். என் பேர்லயே இருக்கு. போர்டுல, சீட்டுல, மாத்திரை கவர்ல பெருசா போட்டிருக்கோம். பாட்டி வீட்டுச் சுவர்ல மட்டும் நானே போய் எழுதிட்டு வந்தேன். பழைய நம்பரை அடிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. "அது பெரிய டாக்டர் எழுதினது, இருக்கட்டும் தம்பி."

உங்க கடை பில்லை இன்னைக்கு ராத்திரி ஒருதரம் திறந்து பாருங்க.