நாட் விமானமும் நான்கு பசைகளும்

ஆண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்று தோழியர் கேட்டபோது, "பசையைப் பற்றி" என்றேன். அனைவரும் சிரித்தனர். தபால்தலை சேகரிப்பு, தோட்டக்கலை, உதகைச் சுற்றுலா என்று எத்தனையோ தலைப்புகள் இருக்க, பசையும் ஒரு தலைப்பா என்று கேலி செய்தனர். தவறான பசையைத் தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டு மாதங்கள் தாத்தாவின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் தவித்த எனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

என் தாத்தா 1973-ஆம் ஆண்டு இந்திய விமானப்படையில் சேர்ந்து, விமானங்களின் உடற்பகுதியைப் பழுதுபார்க்கும் பணியில் இருந்தவர். அவர் கைபட்ட விமானங்களுள் அவருக்கு மிகவும் பிடித்தது 'நாட்'. ஆங்கிலத்தில் நாட் என்றால் கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சி. இங்கிலாந்தில் பெட்டர் என்னும் பொறியாளர் வடிவமைத்த இவ்விமானம் 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. பின்னர் பெங்களூரிலேயே அது கட்டப்பட்டது. போர் விமானமாயினும் அதன் நீளம் 9 மீட்டர் கூட இல்லை. 1965-ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நின்றதால் 'சேபர் கொல்லி' என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளம் தாக்கப்பட்ட வேளையில், நிர்மல்ஜித் சிங் சேகோன் என்ற இளம் விமானி நாட் விமானத்தில் எழும்பி, ஆறு சேபர்களை எதிர்த்துப் போரிட்டு உயிர்நீத்தார். பரம் வீர் சக்ரா விருது பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர்தான். அவர் இருந்த 18-ஆவது படைப்பிரிவு 2020 மே 27 அன்று எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. அன்று முழுவதும் தாத்தா வானத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, இங்கிலாந்தில் பணிபுரியும் மாமா எனக்கு ஒரு பெட்டி அனுப்பினார். உள்ளே நாட் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி. உண்மை விமானத்தின் 72-இல் 1 பங்கு அளவு. பல பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, படத்தைப் பார்த்து ஒட்ட வேண்டும். தாத்தா பெட்டியின் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இது வெள்ளைக்காரங்க பயிற்சி விமானம், கண்ணு. ரெண்டு சீட்டு. நம்மளதுல ஒருத்தர்தான் உட்காரலாம்" என்றார். அவர் சொன்னது சரியே. பிரிட்டனின் ரெட் ஆரோஸ் என்னும் சாகசக் குழுவினர் 1965 முதல் 1979 வரை ஓட்டிய சிவப்பு நிற நாட் அது. இருந்தாலும் நாட் நாட்தானே! அவருடைய விரல்கள் இப்போது நடுங்குவதால், "நீ கட்டு, நான் மேற்பார்வை பார்க்கிறேன்" என்று அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

பெட்டியில் பசை இல்லை. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத் தபாலில் அனுப்ப முடியாதாம். பசை தானே, எதுவாக இருந்தால் என்ன என்று எண்ணித் தெருமுனைக் கடையில் நொடியில் ஒட்டும் பசைக் குழாய் ஒன்றை வாங்கி வந்தேன். அது சொன்ன சொல் தவறாமல் நொடியில் ஒட்டியது. அதுதான் தொல்லை. இறக்கையைச் சற்றுக் கோணலாக வைத்துவிட்டேன், திருத்துவதற்குள் இறுகிவிட்டது. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கதையை இங்கே விரிவாகக் கூற விரும்பவில்லை. கடைசியாக, விமானி அமரும் இடத்தை மூடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியையும் அதே பசையால் ஒட்டி, தூசி படாமலிருக்க விமானத்தை அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு உறங்கச் சென்றேன்.

காலையில் திறந்து பார்த்தால் மூடி முழுவதும் வெள்ளைப் பனி படர்ந்திருந்தது. அதன் நடுவே என் கட்டைவிரல் ரேகை, ஒரு கோடு விடாமல், அச்சடித்தாற்போல் தெரிந்தது! பதறிப்போய் அக்காவின் நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பனி போகவில்லை. மூடியே குழைந்து, சுருங்கி, பால் ஆடை போல் ஆகிவிட்டது.

தாத்தா அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "எனக்குக் கண்ணுல புரை விழுந்தது பத்தாதுன்னு இதுக்கும் புரையா?" என்று கூறிச் சிரித்தார். ஆனால் உள்ளே விமானியின் முன்னுள்ள கருவிப் பலகையை எனக்குக் காட்டி, எந்தக் கடிகாரம் எதற்கு என்று விளக்கப் போவதாக அவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தவறு எங்கே நேர்ந்தது என்பது எனக்குப் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகே விளங்கியது, அதுவும் இன்னொரு தவற்றின் மூலம்! சென்ற டிசம்பரில் எங்கள் வகுப்பு கிறிஸ்து பிறப்புக் குடில் அமைத்தது. தெர்மோகோலால் மலை செய்து, அதன்மேல் மாட்டுக்கொட்டிலை நிறுத்தும் பொறுப்பு என்னுடையது. உறுதியாக நிற்கட்டும் என்று செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் நிறப் பசையைத் தாராளமாகத் தடவினேன். சற்று நேரத்தில் மலை உள்வாங்கத் தொடங்கியது. கொட்டில் மெல்ல மெல்லக் குழிக்குள் இறங்க, ஆடுகளும் இடையர்களும் அதன்மேல் சாய்ந்தனர். தோழியர் சிரித்த சிரிப்பில் நான் அழுதேவிட்டேன்.

அறிவியல் கற்பிக்கும் அருட்சகோதரி என்னைக் கண்டிக்கவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிதளவு அசிட்டோனை ஊற்றி, ஒரு நீண்ட தெர்மோகோல் துண்டை அதில் நிறுத்தினார். துண்டு சீறிக்கொண்டே கீழே இறங்கி மறைந்தது. "எங்கே போயிற்று?" என்று கேட்டார். "கரைந்துவிட்டது, சிஸ்டர்" என்றோம். ஒரு குச்சியால் அடியிலிருந்து கொழகொழப்பான வெள்ளைக் களியை எடுத்துக் காட்டினார். தெர்மோகோலில் பெரும்பகுதி காற்றுதான். காற்று போய்விட்டது, பிளாஸ்டிக் இதோ இருக்கிறது என்றார். அந்தக் களியை ஒரு தட்டில் வைத்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து அதைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக, கடினமாக இருந்தது. கையில் எடுத்ததும் எனக்குச் சட்டென்று விமானத்தின் நினைவு வந்தது. ஓடிச் சென்று அருட்சகோதரியிடம் கேட்டேன். ஆம், இரண்டும் ஒரே பொருள்தான்! பாலிஸ்டைரீன். காற்றை ஊட்டி நுரையாக்கினால் தெர்மோகோல். நுரைக்காமல் அச்சில் வார்த்தால் என் விமானம்.

நான் குடிலைக் கெடுக்கப் பயன்படுத்திய கரைப்பானே விமானத்தைக் கட்டத் தேவையானது என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. இத்தகைய மாதிரிகளுக்கென்று விற்கும் பசையை 'சிமெண்ட்' என்கிறார்கள். (வீடு கட்டும் சிமெண்ட் அன்று.) உண்மையில் அது பசையே அல்ல. பியூட்டைல் அசிடேட், அசிட்டோன் போன்ற கரைப்பான்களின் கலவை. அது இரு பாகங்களின் மேற்பரப்பையும் சிறிது இளக்குகிறது. இளகிய பிளாஸ்டிக் இரண்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன. பின்பு கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. நடுவில் பசை என்று எதுவும் மிஞ்சுவதில்லை. இரும்பைப் பற்றவைப்பது போலத்தான். தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "அட, வெல்டிங்குன்னு சொல்லு!" என்றார்.

நொடியில் ஒட்டும் பசையோ வேறு வகை. அதன் பெயர் சயனோஅக்ரிலேட். இரண்டாம் உலகப்போரின் போது, 1942-இல், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் என்னும் அமெரிக்க வேதியியலாளரின் குழுவினர் கையில் அது அகப்பட்டது. எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறதே என்று அப்போது அதை ஒதுக்கிவிட்டார்கள். 1958-இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றிலும் விரலிலும் உள்ள ஈரம் பட்டதும் அது இறுகும். இறுகும்போது எழும் ஆவி அருகிலுள்ள பரப்புகளில் வெள்ளையாகப் படியும். விரல் ரேகை இருந்தால் முக்கியமாக அங்கேதான் படியும். காவல்துறையினர் குற்றவாளிகளின் ரேகையைக் கண்டுபிடிக்க இந்த முறையையே கையாளுகிறார்கள். நானோ பெட்டியை வேறு மூடி, ஆவி வெளியே போகாமல் காத்திருக்கிறேன்! தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்த பொருள் என் தெளிவான மூடியைக் குருடாக்கியதை என்னவென்று சொல்வது?

ஜனவரியில் மாமா விடுமுறைக்கு வந்தபோது, இந்திய விமானப்படையின் ஒற்றை இருக்கை நாட் மாதிரியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். இரண்டாவது பெட்டி கேட்கும் துணிவு எனக்கு இல்லை; தாத்தாதான் கேட்டிருக்கிறார் என்பது பின்னர் தெரிந்தது. தவக்காலத்தில் அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடத்த நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஓர் உறுதி. மூடி ஒன்றே ஒன்று. அது கெட்டால் வேறு கிடையாது.

இம்முறை அவசரப்படவில்லை. நகரில் ஒரு கடைக்காரர் சிமெண்டை வரவழைத்துக் கொடுத்தார். கெட்டியான குழாய்ச் சிமெண்டும் உண்டு, தண்ணீர் போன்ற சிமெண்டும் உண்டு. குழாய்ச் சிமெண்ட் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்து, படக் கூடாத இடத்தில் பட்டு அங்கேயும் கரைக்கும். சிறிய மாதிரிக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் போன்றதற்குப் புட்டியின் மூடியிலேயே மெல்லிய தூரிகை உண்டு. முதலில் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு இடுக்கில் தூரிகையின் நுனியைத் தொட்டால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சிமெண்ட் தானே இடுக்கு முழுவதும் ஓடிவிடும். அதைப் பார்ப்பதற்கே இன்பமாயிருக்கும். மெல்ல அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் மயிரிழையாகப் பிதுங்கும். அதைத் துடைக்கவே கூடாது. ஒரு நாள் காயவிட்டு உப்புத்தாளால் தேய்த்தால் இணைப்பு இருந்த சுவடே தெரியாது. ஒட்டுமிடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட வேண்டும். இல்லையேல் பெயின்ட்தான் ஒட்டும், பிளாஸ்டிக் ஒட்டாது. தாத்தாவின் உத்தரவுப்படி வேலையெல்லாம் திண்ணையில், காற்றோட்டத்தில்தான். அந்த ஆவி தலையைச் சுற்ற வைக்கும், நெருப்புக்கும் ஆகாது. மாதா படத்தின் முன் எரியும் மெழுகுவர்த்தி அருகே புட்டியைத் திறந்ததற்கு ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாட் மூன்று சக்கரங்களில் நிற்பது. மூக்கில் கனம் இல்லாவிட்டால் மாதிரி வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். எனவே சைக்கிள் கடையில் வாங்கிய இரும்புக் குண்டுகளை உள்ளே ஒட்டினேன். இரும்பு சிமெண்டில் கரையாதே! அதற்கு இரண்டு குழாய்களிலிருந்து சம அளவில் பிழிந்து கலக்கும் எபாக்ஸிப் பசை. சக்கரத்தின் கால்களை ஒட்டியபோது தாத்தா நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார். நாட் பறக்கும்போது இந்தச் சக்கரங்களையே பாதி இறக்கி, வேகத்தைக் குறைக்கும் தடுப்பாகவும் பயன்படுத்துவார்களாம். எண்ணெய் கசிந்த கதை, நள்ளிரவில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பழுதுபார்த்த கதை என்று அன்று மாலை முழுவதும் பேசிக்கொண்டே இருந்தார். நான் ஒரு காலைக்கூட ஒட்டி முடிக்கவில்லை.

மூடிக்கு எந்தப் பசை என்பதில்தான் வீட்டில் விவாதம் எழுந்தது. அதுவும் பாலிஸ்டைரீன்தான், சிமெண்ட் நன்றாகவே பிடிக்கும் என்றார் அப்பா. ஒரு துளி வழிந்தால் கண்ணாடியில் வடு விழுந்துவிடும் என்றேன் நான். முடிவில் வெற்றி பெற்றது, நம் பள்ளிக் கைவேலை வகுப்பில் எல்லோரிடமும் இருக்கும் வெள்ளை ஃபெவிகால்! அது தண்ணீரில் கலந்த பசை. பிளாஸ்டிக்கைத் தொடாது, ஆவியும் கக்காது. தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். காய்ந்தால் நிறமின்றித் தெளிவாகிவிடும். பிடிப்பு குறைவுதான், ஆனால் மூடி எதையும் தாங்கப் போவதில்லையே. ஊசி முனையால் விளிம்பில் தடவி, மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். வெள்ளை விளிம்பு மறையும்வரை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அங்கேயே அமர்ந்திருந்தேன்.

அறுவைச் சிகிச்சைக்கு நான்கு நாள் முன்னதாக விமானம் முடிந்தது. தாத்தா அதைப் பார்க்க மறுத்துவிட்டார். "கண்ணு தெளியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கூறிவிட்டார். நான் அதை அலமாரியில் மாதா சுரூபத்திற்குப் பின்னால், இம்முறை எந்தப் பெட்டிக்குள்ளும் வைக்காமல், ஒரு கைக்குட்டையால் மூடி வைத்தேன்.

கட்டு அவிழ்த்த மறுநாள் காலை திண்ணை வெளிச்சத்தில் அதை அவர் கையில் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்கை இணைப்பில் நகத்தை ஓட்டினார். பிறகு ஒரு துடைப்பக்குச்சியை எடுத்துவரச் சொல்லி, மூடியின் வழியே உள்ளே சுட்டிக்காட்டினார். "இது உயரம் காட்டுறது. இது வேகம். இது..." என்று தொடங்கினார். அப்பா பணிக்குப் புறப்படும்வரை பாடம் முடியவில்லை. எனக்கு அன்று பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது.

இடது சக்கரம் ஒரு மயிரிழை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.