அந்திரேயா திருநாளுக்கு அருகில் வரும் ஞாயிறு

கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலம் என்றைக்குத் தொடங்கும் என்று கண்டுபிடிக்க மறைக்கல்வி வகுப்பில் ஒரு வழி சொல்லித்தந்தார்கள். நவம்பர் 30 அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் எந்த ஞாயிறு விழுகிறதோ, அதுதான் முதல் ஞாயிறு. முந்தினால் நவம்பர் 27, பிந்தினால் டிசம்பர் 3. அதைத் தாண்டாது. திருச்சபைக்கு வருடப்பிறப்பும் அன்றுதான். வெளியே எல்லாரும் ஜனவரியை எதிர்பார்த்துக்கொண்டிருக்க, கோயிலுக்குள் மட்டும் ஒரு மாதம் முன்னதாகவே புத்தாண்டு வந்துவிடும். பட்டாசு கிடையாது. பூசையில் வானவர் கீதமும் கிடையாது. ஃபாதர் ஊதா உடுத்தி வருவார்.

அந்த வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான். "இயேசு பொறந்தாச்சே டீச்சர், பின்ன எதுக்கு வருவாரு வருவாருன்னு காத்திருக்கணும்?" டீச்சர் அவனை உட்காரச் சொன்னார். குடிலுக்கு வைக்கோல் கொண்டுவரும் பொறுப்பும் அந்த வருடம் அவனுக்கே போனது.

வைக்கோல் என்றால் எனக்குப் பாட்டி வீட்டுக் குடில்தான். டிசம்பர் பத்துக்கு மேல் சிரட்டைகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு தூவுவாள். கிறிஸ்துமசுக்குள் அது முளைத்து, பெத்லகேமின் புல்வெளியாக வேண்டும். நாங்கள் விரலால் கிளறிக் கிளறிப் பார்ப்போம். "தொடாத மக்ளே, தொட்டா வராது" என்பாள். மாதா, சூசையப்பர், இடையர்கள், மாடு, கழுதை எல்லாம் ஒவ்வொன்றாகக் குடிலுக்கு வந்து சேரும். நடுவில் தீவனத்தொட்டி மட்டும் காலி. பாலன் சுரூபம் துணி சுற்றி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தபின்தான் சாவி வெளியே வரும். தெருவில் சில வீடுகளில் குடில் கட்டிய அன்றே பாலனையும் கிடத்திவிடுவார்கள். பாட்டிக்கு அது ஆகாது. "வராத பிள்ளைய வந்ததா காட்டப்படாது."

காத்திருக்கத் தெரியாத பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோகான் விஷர்ன், கிறிஸ்துமஸ் எப்போது எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததால் 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரியவை நான்கு, வார நாள்களுக்குச் சிறியவை. தினம் ஒன்று ஏற்ற வேண்டும். இன்று நம் கோயில் பீடத்தருகே சவுக்குக் கிளை சுற்றி நிற்கும் நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதன் வாரிசு. எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று அவற்றுக்குப் பெயர் வைத்ததெல்லாம் பிறகு. ஆரம்பத்தில் அது நச்சரிப்புக்குச் சொன்ன பதில்தான்.

இப்போது நச்சரிப்பே தேவையில்லாமல் போய்விட்டது. நவம்பர் கடைசியிலேயே நட்சத்திரம் தொங்குகிறது. முதல் வாரத்தில் கேரல் ரவுண்ட்ஸ், தாத்தா வேடம், கேக். இரண்டாம் ஞாயிறுக்குள் பள்ளியிலும் அலுவலகத்திலும் கிறிஸ்துமஸ் விழா முடிந்து புகைப்படமும் வந்துவிடும். கடைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திருவருகைக் காலத்தைத் தின்று தீர்த்தவர்கள் நாங்கள்தான். காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமையில்லை.

அந்தப் பையனின் கேள்விக்கு 12ஆம் நூற்றாண்டிலேயே புனித பெர்னார்டு ஒரு பதில் சொல்லியிருக்கிறார் என்று பின்னாளில் படித்தேன். வருகை மூன்று. முதலாவது, மாட்டுத்தொழுவத்தில் வந்தது; முடிந்துவிட்டது. கடைசியானது, உலக முடிவில் மாட்சியோடு வருவது. இரண்டுக்கும் நடுவே ஒருவர் கண்ணுக்கும் படாமல் மனதுக்குள் நிகழும் வருகை ஒன்று. வழிபாட்டின் அமைப்பிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. டிசம்பர் 16 வரை வாசகங்களின் கண் முடிவுக்காலத்தின் மேல். 17இலிருந்துதான் பெத்லகேம் பக்கம் திரும்பும். நம் ஊரில் மார்கழி பிறப்பதும் அதையொட்டித்தான். விடியுமுன் கோயில் ஒலிபெருக்கியில் ஆண்டாள் தோழிகளை எழுப்பிக்கொண்டிருப்பாள். எங்கள் பூசையிலும் பவுல், தூக்கம் விட்டு எழும்ப நேரமாயிற்று என்று உரோமையருக்கு எழுதியதை முதல் ஞாயிறில் வாசிக்கும் ஆண்டு உண்டு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஒரே குளிரில் எழுந்தவர்கள் என்பதோடு சரி.

பெர்னார்டின் பதில் அழகானது. ஆனால் 2017இல் அது எனக்குப் போதவில்லை.

அந்த வருடம் நவம்பர் 30, அந்திரேயா திருநாள், வியாழக்கிழமை. மீனவரான திருத்தூதரின் நாளில்தான் ஒக்கிப் புயல் குமரிக் கரையைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராக ஆழ்கடலுக்குப் போன படகுகள் திரும்பவில்லை. வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். எச்சரிக்கை வருமுன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். டிசம்பர் 3 ஞாயிறு, கோட்டாற்றில் சவேரியார் திருநாள். 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்தவரின் நாள். அன்றே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும். மாற்கு நற்செய்தியை வாசிக்கும் ஆண்டு. நற்செய்தியில் வீட்டுத் தலைவர் வெளியூர் போயிருக்கிறார். அவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும்போதோ, விடியலிலோ தெரியாது. காவலாளியே, விழித்திரு என்று இயேசு சொல்லும் பகுதி. அந்த ஞாயிறுக்கென்று பல ஆண்டுகளுக்கு முன்பே உலகம் முழுதுக்கும் குறித்துவைத்த வாசகம் அது. புயலுக்காக யாரும் தேர்ந்தெடுத்து வைத்ததல்ல.

டிசம்பர் 7இல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கடலில் காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. காத்திருத்தல் என்றால் கைகட்டி இருப்பது என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தண்டவாளத்தைக் காட்டலாம். அந்த வருடத் திருவருகைக் காலம் இருக்கக்கூடியதிலேயே குறுகியது. நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24உம் ஒரே நாள். காலையில் ஊதா, இரவில் வெள்ளை. மொத்தம் 22 நாள். கரையில் அந்தக் கணக்கு யாருக்கும் செல்லுபடியாகியிருக்காது.

நாஜிகள் சிறையில் அடைத்த லுத்தரன் போதகர் போன்ஹோஃபரை நான் வாசித்தது அதற்குப் பிறகு. பெர்லினில் டேகல் சிறையிலிருந்து 1943 நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறை அறையும் திருவருகைக் காலமும் ஒன்றுபோலத்தான் என்கிறார். உள்ளே இருப்பவர் ஏதேதோ செய்துகொண்டிருக்கலாம், நம்பிக்கொண்டிருக்கலாம். கதவைத் திறப்பது அவர் கையில் இல்லை, வெளியிலிருந்துதான் ஆக வேண்டும் என்கிறார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே சிறையில் ஆல்ஃபிரட் டெல்ப் என்ற இயேசு சபைக் குரு, விலங்கிட்ட கைகளோடு திருவருகைக் காலத் தியானங்களைத் துண்டுத் தாள்களில் எழுதினார். அவரை 1945 பிப்ரவரி 2இல் தூக்கிலிட்டார்கள். முதியவர் சிமியோனும், 84 வயதுக் கைம்பெண் அன்னாவும் கோவிலில் காத்துக் காத்துக் கடைசியில் குழந்தையைக் கண்ட நிகழ்வைத் திருச்சபை கொண்டாடும் நாள் அது. போன்ஹோஃபரை அதே ஆண்டு ஏப்ரல் 9இல்.

சிமியோனுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இதைத் திருச்சபை மறைக்கவில்லை என்பதுதான் இந்தக் காலத்தின் மேல் எனக்குள்ள மரியாதை. மூன்றாம் ஞாயிறுக்கு மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர். ஊதாவுக்குப் பதில் ரோஜா நிறம். மத்தேயு ஆண்டில் அந்த ஞாயிறுக்கு வாசிப்பதோ ஏரோதின் சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவானின் சந்தேகத்தை. ஆற்றங்கரையில் நின்று ஊருக்கெல்லாம் இவரைச் சுட்டிக்காட்டியவர், இப்போது சீடர்களை அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை இன்னொருவரை எதிர்பார்க்கணுமா என்று கேட்கிறார். எங்கள் வகுப்புப் பையன் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். இயேசு யோவானை உட்காரச் சொல்லவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி போய்ச் சேர்கிறது. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். எசாயா சொன்ன அடையாளங்கள்தான். ஆனால் சிறைப்பட்டோர் விடுதலையும் எசாயா சொன்னதே. அது மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. சிறைக்கதவு யோவானுக்குத் திறந்தது, தலையை வெட்டத்தான்.

மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுகள் மாறி மாறி வருவதால் இந்த வாசகம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். ஒக்கிக்குப் பிறகு முதல்முறை வந்தது 2019 டிசம்பர் 15இல். அந்தக் கரையோரக் கோயில்களிலும் அன்று இதையே வாசித்திருப்பார்கள். அங்கே பீடத்தில் நின்றது நானாக இருந்தால் வாசகத்தை நிறுத்தி வாசித்துவிட்டு, பிரசங்கம் வைக்காமல் மன்றாட்டுக்குப் போயிருப்பேன்.