பார்னிஷ்: முழுச் சேதமா, பகுதிச் சேதமா?

ஜல்பாய்குரி நகரிலிருந்து தீஸ்தா பாலத்தைத் தாண்டினால் மயினாகுரி வட்டாரம். ஜல்பேஷ் சிவன் கோயிலால் பெயர் பெற்ற பகுதி. இங்குள்ள பார்னிஷ், பாலம் வருவதற்கு முன்பு படகுத்துறை. பாக்கு மரங்கள், மூங்கில் புதர்கள், நடுவே மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமாக வீடுகள்.

2024 மார்ச் 31, ஞாயிறு பிற்பகல். வங்காளிகள் கால்பைசாகி என்றழைக்கும் கோடை இடிமழையின் பருவம். வானம் இருண்டால் யாரும் அதிசயிப்பதில்லை. ஆனால் அன்று வந்தது டொர்னாடோ. சில நிமிடங்கள்தான். குறைந்தது நான்கு பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். நூற்றுக்கணக்கான வீடுகள் சிதைந்தன.

கடலில் உருவாகும் புயல் மாவட்டம் மாவட்டமாகப் புரட்டும். டொர்னாடோ ஒரு கோடு கிழித்துக்கொண்டு போகும். கோட்டுக்குள் இருந்த வீடு தரைமட்டம்; பக்கத்து வீடு பழையபடி. அதன் பாதையில் கருவி அகப்படுவது அபூர்வம் என்பதால், இடிபாட்டைப் பார்த்தே காற்றின் வேகத்தைக் கணிக்கும் முறையை டெட்சுயா ஃபுஜிடா 1971இல் வகுத்தார்.

அதே இடிபாட்டைப் பார்த்துத்தான் அரசு ஊழியர் நிவாரணத் தொகையை முடிவு செய்கிறார். மத்திய அரசின் 2022-26 விதிகளின்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000. பகுதிச் சேதம் என்றால் கச்சா வீட்டுக்கு ரூ.4,000. 'குடிசை' என்று எழுதிவிட்டால், முழுதும் போயிருந்தாலும் ரூ.8,000தான்.

தகரக் கூரை பறந்துவிட்டது, மூங்கில் தூண்கள் நிற்கின்றன. இது எதில் சேரும்? வங்க மொழியில் 'சம்பூர்ண', 'ஆங்ஷிக்' என்பார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் 'முழு', 'பகுதி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். வீட்டுக்காரருக்கு இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ரூ.1,16,000.

மயினாகுரிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தன. முதல்வர் மம்தா பானர்ஜி அன்றிரவே புறப்பட்டு வந்தார். ஆனால் வீட்டுக்குப் பணம் கொடுக்க மாநில அரசு தேர்தல் கமிஷனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஓட்டுக் கேட்டு வர யாருக்கும் அப்படி அனுமதி தேவைப்படவில்லை.

விதிகளில் மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு: 'கடுமையான சேதம்'. அதற்கும் முழுச் சேதத்துக்கான அதே தொகைதான். கூரையற்ற வீட்டின் முன்னே நிற்கும் ஊழியர் அதை எழுதத் தயங்கக் கூடாது. இன்றிரவு மழை வந்தால் பிள்ளைகளை உள்ளே படுக்கவைக்க முடியுமா என்று பார்த்தாலே போதும், எதை எழுதுவது என்று தெரிந்துவிடும்.