எட்டாம் நாளும் கழுத்தில் தொங்குவது

எந்தக் கருவி நல்ல படம் தரும் என்று கேட்டால் விடை சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. எட்டாம் நாள் நடையிலும் கழுத்தில் தொங்கக்கூடிய கருவி எது என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது. நேபாளத்தில் அன்னபூர்ணா அடிவார முகாம் (4130 மீட்டர்) வரை நடப்பதென்று முடிவானபின் நாங்கள் இருவரும் சில வாரங்கள் இக்கேள்வியோடு மல்லுக்கட்டினோம். எங்களில் மூத்தவருக்கு வயது 61. இடது முழங்காலில் தேய்மானம். முதுகில் ஆறு கிலோவுக்கு மேல் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. தண்ணீர், மழைச்சட்டை, கம்பளியுடை, மருந்துகளுக்கே ஐந்து கிலோ போய்விடும்.

மிஞ்சிய ஒரு கிலோவுக்குள் அவருடைய நிக்கான் டி750 அடங்காது. 24-120, 70-300 லென்ஸ்கள் இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 கிலோ 300 கிராம். இளையவர் சுமக்கலாமே என்றார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் இன்னொருவரிடம் கைநீட்டி வாங்கிப் படமெடுப்பது அவருக்கு ஒவ்வாது. சுமையாளிடம் கொடுக்கலாம், ஆனால் அவர் நமக்கு முன்னே அடுத்த விடுதியை அடைந்துவிடுவார். முகில் விலகி மச்சபுச்சரே தோன்றும் கணத்தில் கருவி இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும். தவிரவும், அவர் முதுகும் முதுகுதானே.

எடை உண்மையில் கருவியில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. முழுச் சட்டச் சென்சார் 36×24 மி.மீ.; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3×13 மி.மீ., பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு. அதில் 150 மி.மீ. லென்ஸே 300 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்தைத் தந்துவிடும். ஆகவே ஒலிம்பஸ் இ-எம்5 மூன்றாம் பதிப்பு 414 கிராம், 12-45 லென்ஸ் 254, 40-150 லென்ஸ் 190. மொத்தம் 858 கிராம். உடலின் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கூட்டலைப் போடுவதில்லை.

இழப்பு இல்லாமலில்லை. மங்கிய ஒளியில் சிறிய சென்சார் விரைவில் புள்ளியடிக்கும். நட்சத்திர வானத்தைப் பெரும்பாலும் துறந்தோம். பகல் மலைகளுக்கு அது பொருட்டில்லை, உள்ளமைந்த நடுக்கத்தடுப்பு முக்காலியையும் வீட்டில் விட்டுவர அனுமதித்தது. பெரிய தொல்லை பேட்டரி: ஒன்றுக்கு 310 படம் என்பது தயாரிப்பாளர் கணக்கு, குளிரில் அதுவும் சுருங்கும். மூன்றை எடுத்துச்சென்று இரவில் உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டோம். 40-150 லென்ஸுக்கு மழைக்காப்பு கிடையாது. தூறலில் அது பைக்குள் போய்விட வேண்டும்.

1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்க ஏறிய ஆன்செல் ஆடம்ஸிடம், உரிய இடத்தை அடைந்தபோது எஞ்சியவை இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் வடிகட்டியுடனும் மற்றதை அடர்சிவப்புடனும் செலவழித்தார், புகழ்பெற்றது இரண்டாவது. பெருங்கருவிதான், ஆனால் அவருக்கு அப்போது வயது 25!

சோம்ரோங்கில் ஆற்றுக்கு இறங்கிய படிகள் அத்தனையையும் திரும்பும்போது ஏறவேண்டும். மூத்தவர் ஏழு இடங்களில் நின்றார்: ஐந்தில் மூச்சுவாங்க, இரண்டில் படமெடுக்க. பழைய கருவியென்றால் ஏழும் மூச்சுவாங்கத்தான் என்கிறார்.